மைனி எழுதிய தேர்வு

கட்டிலுக்கு அடியில் கிடந்த என் ஷூவை அம்மா குனிந்து இழுத்து, ஈரத் துணியால் தூசி துடைத்து, மைனியின் காலடியில் கொண்டுபோய் வைத்த அந்தக் காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. நீல நிற ஷூ. மாட்டுங்காப் பூங்காக்களைச் சுற்றி ஓடி ஓடி இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. "சும்மாத்தானட்டி கெடக்கு. அவ போட்டு ஓடட்டும்" என்றாள் அம்மா. என்னிடம் கேட்கிற தொனி அதில் இல்லை. மைனி உட்கார்ந்து காலை நுழைத்துப் பார்த்தாள். கொஞ்சம் பெரிதாக இருந்தது. எழுந்து உள்ளே போய் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்து, நாடாவை இறுக்கிக் கட்டி, நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதித்தாள். "இப்போ சரியா இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கையில் சாயா டம்ளரோடு வாசலில் நின்றிருந்தேன். என் காலுக்குள் எதுவோ நுழைந்து நிற்பது போல் இருந்தது. சிரிப்பதற்குச் சிரமப்பட்டேன்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆனாலும் மைனி என்றால் மைனிதான். 'நீங்க, வாங்க' என்றுதான் இன்றுவரை பேசுகிறேன். திருச்செந்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரிலிருந்து பி.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணமாகி மும்பைக்கு, தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அண்ணன் ராணுவத்தில் சிப்பாய். லீவில் வரும்போது அவன் எங்கள் சந்தில் நுழைந்தால் வீட்டுக்கு வந்துசேர அரை மணி நேரமாகும், அத்தனை பேர் அவனை நிறுத்திப் பேசுவார்கள். கல்யாணமான மூன்றாம் வருஷம், வடகிழக்கில் ஒரு மலைப்பாதையில், மழையில் மண் சரிந்து அவன் போன வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அப்போது அவர்கள் மகள் குப்புற விழக்கூடப் பழகியிருக்கவில்லை. சர்ச்சில் அண்ணனின் சவப்பெட்டியைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மைனி அழவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம் வந்ததும் எழுந்து உள்ளறைக்குப் போனாள், கொடுத்துவிட்டு வந்து பழையபடி உட்கார்ந்தாள். பார்த்தவர்கள் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். எனக்கும் அன்று அவள் மேல் கோபம்தான் வந்தது.

ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்பது என் ஆசை. மைனி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, கல்லூரி என்.சி.சி.யில் காக்கி உடுத்தி அணிவகுத்து நடந்த நாளிலிருந்தே இருந்த ஆசை. அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. "நீ ஆபீசராயிட்டா நான் ஒனக்கு சல்யூட் அடிக்கணும்லா? அடிச்சிருவோம்ட்டி, இப்போ என்ன" என்பான். போனை வைக்கும்போது, "ஜெய் ஹிந்த் மேம் சாப்" என்பான். நான் வெட்கப்பட்டுக்கொண்டு கட் பண்ணிவிடுவேன். ஆனால் அவன் யூனிபார்மில் நின்று எனக்கு உண்மையாகவே சல்யூட் அடிப்பதை எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் ஒரு எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் போபாலுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே ஐந்து நாள் தங்கவைத்துப் பார்ப்பார்கள். முதல் நாள் புத்திக்கூர்மைக் கேள்விகள், பிறகு மங்கலான ஒரு படம். அரை நிமிஷம் காட்டி எடுத்துவிடுவார்கள். அதை வைத்து ஒரு கதை எழுதி, கூட இருக்கிறவர்களோடு வாதாட வேண்டும். மதியத்துக்கு மேல் சில எண்களை வாசிப்பார்கள். எண் வராதவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஸ்டேஷனில் விட்டுவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு அடுத்த நாள் வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கடைசி அட்டை வெறுமையாக இருக்கும். அதில் படமே கிடையாது. உன் மனதில் இருக்கிற கதையை எழுது என்பார்கள். ஒவ்வொரு வார்த்தையாகக் காட்டுவார்கள், மனதில் தோன்றுவதை உடனே எழுத வேண்டும். அப்புறம் கயிறு, பலகை, பீப்பாய் இவற்றைக் கொடுத்துக் குழுவாகப் பள்ளத்தைத் தாண்டச் சொல்வார்கள். கடைசி நாள், எல்லா அதிகாரிகளும் வட்டமாக உட்கார்ந்திருக்கும் அறைக்குள் ஒவ்வொருவராகப் போய் வர வேண்டும். இத்தனையும் எதற்கென்றால், நீ யார் என்று பார்க்கத்தான். நான் இரண்டு முறை போனேன். முதல் முறை அன்று மதியமே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். இரண்டாம் முறை கடைசி நாள் வரை இருந்தேன். வாசித்த எண்களில் என் எண் இல்லை. அடுத்த முறைக்குள் வயது வரம்பு தாண்டிவிட்டது. செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஷூ கட்டிலுக்கு அடியில் போனது அப்போதுதான்.

அண்ணன் போய் ஒரு வருஷம் நெருங்கும்போது, பென்ஷன் விஷயமாக வந்த ஒரு அதிகாரி மைனியிடம் பேசிவிட்டுப் போனார். பணியில் இறந்த வீரரின் மனைவி பட்டதாரியாக இருந்தால் அதிகாரித் தேர்வுக்கு மனுப் போடலாம், எழுத்துத் தேர்வு கிடையாது, நேராகப் போபால், வயதிலும் சலுகை உண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். மைனி யாரிடமும் எதுவும் சொல்லாமல் சில வாரம் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல், வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தே, நான் அந்தப் பரிட்சைக்குப் போலாம்னு நெனைக்கேன்."

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் நான் இதே சமையலறையில் இதே வார்த்தையைச் சொன்னபோது அம்மா சொன்னது எனக்கு மறக்கவில்லை. 'வீட்ல ஒருத்தன் துப்பாக்கி தூக்குனது போதும். ஒனக்குக் கல்யாணம் காச்சின்னு ஒண்ணு நடக்க வேண்டாமா' என்றாள் அன்று. நான் ஓடப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்துக் கால் வீங்கி வருகிறவள், அவளிடம் நான் ஒரு வாய்ச் சோறு அதிகம் கேட்டதில்லை. இப்போது மகனைப் பறிகொடுத்த அதே அம்மா, மருமகளைப் பார்த்து, "போ மக்கா. இவதான் ரெண்டு தடவ போய்ட்டு வந்திருக்காள்லா, இவ சொல்லித் தருவா" என்றாள். மறுநாளே மைனியின் தட்டில் அவித்த முட்டை இருந்தது. அந்த முட்டையை நான் இன்றும் மறக்கவில்லை. சொன்னால் சின்னத்தனமாகத் தெரியும். ஆனால் பொறாமை வந்துவிட்டால் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டு நாள் பொறுத்து, மைனி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவிடம் கேட்டே விட்டேன். "எனக்கு மட்டும் அப்படிப் பேசுன. இப்போ மட்டும் எப்படி ஓ.கே. ஆச்சு?"

அம்மா அரிசியைக் களைந்து தண்ணீரை வடித்தாள். "அவங்க அப்பா ரெண்டு மட்டம் போன் பண்ணிட்டாரு. ஊருக்குக் கூட்டிட்டுப் போறேங்காரு. சின்ன வயசு, வேற மாப்பிள்ள பாப்பாங்க, தப்பும் கெடயாது. ஆனா அவ போயிட்டா பிள்ளயும் போயிரும்ட்டி. எனக்கு அவன்னு மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். இவ இந்த வேலைக்குப் போயிட்டான்னா லீவுக்கு இங்கனதான வருவா, வருசத்துக்கு ஒரு தடவயாவது அந்த மூஞ்சியப் பாப்பேன்லா?"

அம்மாவின் கணக்கு எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஆறவில்லை. அண்ணனின் சாவு எல்லாருக்கும் கதவைச் சாத்தியது, மைனிக்கு மட்டும் ஒன்றைத் திறந்துவிட்டது, அதுவும் நான் இரண்டு முறை முட்டிப் பார்த்த கதவு. இப்படி ஒரு நினைப்பு ஒருத்திக்கு வரலாமா என்று என்னையே திட்டிக்கொள்வேன். பஸ்ஸில் போகும்போது மறுபடி வரும்.

சொல்லித் தந்தேன். அரைகுறையாக அல்ல, முழுதாகவே. அது நல்ல மனதினால் அல்ல. நான் சொல்லித் தந்து அவள் தோற்றால், அந்தத் தேர்வு அப்படிப்பட்டது என்று ஆகும். என் தோல்விக்கும் ஒரு மரியாதை கிடைக்கும். நான் சொல்லித் தராமல் அவள் ஜெயித்தால்? அதை நினைக்கவே முடியவில்லை. காலையில் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் தாராவியிலிருந்து மாட்டுங்கா வரை நடந்துபோய், பூங்காக்களைச் சுற்றி ஓடுவோம். பால்காரர்களும், கோயிலுக்குப் போகிற மாமிகளும், நாய் பிடித்துக்கொண்டு நடக்கிற பெரியவர்களும் எங்களைப் பார்ப்பார்கள். முதல் வாரம் மைனி பாதிச் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். மூன்றாம் மாதம் நான் அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். என் ஷூவின் குதிகால் தேய்ந்த பக்கம் எனக்கு முன்னால் ஏறி இறங்கிக்கொண்டே போகும்.

வார்த்தைப் பயிற்சி சமையலறையில் நடக்கும். அவள் பீன்ஸ் நறுக்குவாள், நான் ஒரு வார்த்தை சொல்வேன், யோசிக்காமல் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பயிற்சிப் புத்தகங்களில் இதற்கெல்லாம் தயார் பதில்கள் உண்டு. அவை எனக்கு மனப்பாடம்.

"பயம்" என்றேன் ஒரு நாள்.

"பயமா இருந்தா நான் பேசிக்கிட்டே இருப்பேன்."

"அப்படிச் சொல்லக் கூடாது மைனி. பயத்தை முயற்சியால வெல்லலாம்னு வரணும். தண்ணீர்."

"பைப்ல தண்ணி வர்றதுக்கு முன்னாடி குடத்தக் கழுவி வச்சிரணும்."

"ஐயோ மைனி. தண்ணீரைச் சேமிப்பது நம் கடமை. இப்படி வரணும்."

"அத எல்லாரும் எழுதுவாங்கல்லா?" என்று கேட்டுவிட்டு அவள் பீன்ஸைத் தொடர்ந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. சொல்லிக்கொடுக்கிறவள் நான். அவளுக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும், இந்தி எங்கள் சந்தில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக் கற்றது. அவளுடைய வாக்கியங்களை நான் இங்கிலீஷில் திருத்தித் தருவேன்; அவள் இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு என் வாக்கியத்தை விட்டுவிடுவாள்.

செம்பூரில் ஓய்வுபெற்ற ஒரு கர்னல் வீட்டு மைதானத்தில் ஞாயிறு மதியம் பயிற்சி நடக்கும். நான் முன்பு போய்க்கொண்டிருந்த இடம்தான். மைனியைக் கூட்டிப்போனேன். பலகையையும் கயிற்றையும் கொடுத்து எட்டுப் பெண்களை விட்டார். கொஞ்ச நேரம் எல்லாரும் ஒரே சமயத்தில் யோசனை சொன்னார்கள். மைனி பேசாமல் பலகையைத் தூக்கி எடை பார்த்தாள். பிறகு, "தீதி, நீங்க இந்தப் பக்கம் பிடிங்க, ஏய், நீ வெயிட் கம்மி, நீ மொதல்ல போ" என்று தமிழும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து ஒரு பாஷையில் சொல்ல, எப்படியோ எல்லாருக்கும் புரிந்து எல்லாரும் மறுபக்கம் போய்ச் சேர்ந்தார்கள். கர்னல் என் பக்கத்தில் வந்து நின்று, "நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்" என்றார் இங்கிலீஷில். பஸ்ஸில் தாராவி வரும்வரை அந்த வாக்கியம் என் காதிலேயே இருந்தது. பலகையைத் தூக்கி எடை பார்க்க நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவளைப் போபாலுக்கு ரயில் ஏற்றிவிட்டு வந்த பிறகு பிள்ளை என்னிடம்தான் இருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தேன். தேர்வு மையத்துக்குள் போனதும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். முதல் நாள் தள்ளப்பட்டவர்களுக்கு மட்டும் மதியத்துக்கு மேல் திருப்பிக் கொடுப்பார்கள். ஆகவே அன்று மாலைக்குள் அவளிடமிருந்து போன் வந்தால் தோற்றுவிட்டாள், வராவிட்டால் தாண்டிவிட்டாள். அந்த மதியம் நான் போனைச் சன்னலில் வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் சுடிதார் பட்டனைக் கடித்துக்கொண்டிருந்தது. அம்மா முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். நானும் கண்ணை மூடினேன், ஆனால் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. போன் அடிக்கக் கூடாது என்று கேட்க வாய் வரவில்லை. அடிக்க வேண்டும் என்று கேட்கவும் மனம் வரவில்லை. நான்கு மணி சுமாருக்கு போன் அடித்தது. அம்மா ஜெபத்தை நிறுத்தினாள். எடுப்பதற்குள் என் உடம்பில் ஓடிய அந்த ஒரு சூட்டை நான் மறைக்கப் போவதில்லை, அது வருத்தமல்ல. எடுத்தால், லோன் வேண்டுமா மேடம் என்று ஒரு பெண் குரல். வேண்டாம் என்று வைத்தேன். "யாரு, யாரு" என்று அம்மா கேட்டாள். "யாருமில்ல" என்றேன். அதற்குப் பிறகு அது அடிக்கவே இல்லை.

கடைசி நாள் அடித்தது. "கெடச்சிட்டு" என்றாள் மைனி. அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் செத்தபோது அழாதவள் ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். "அத்தகிட்ட குடு" என்றாள். கொடுத்துவிட்டு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தேன். தெரு முனைவரை போய்த் திரும்பி வந்தேன். அம்மா அதற்குள் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். எல்லாரும் என் கையைப் பிடித்து, நீ சொல்லிக்கொடுத்ததுதான் என்றார்கள். நான் சிரித்தேன்.

அவள் திரும்பி வந்த அன்று, மாலையில், சமையலறையில் இருவருமாகச் சப்பாத்தி உருட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அந்த வெற்று அட்டைக்கு என்ன எழுதுனீங்க?" அண்ணனைப் பற்றி எழுதியிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். நானே அப்படி எழுதச் சொல்லியிருந்தேன்.

"ஒன்னப் பத்தித்தான் எழுதுனேன்" என்றாள். "அந்த மழ."

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு வருஷம் மழையில் எங்கள் சந்துக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. நான் ஏறிப் பழகுவதற்காக வாங்கிய கயிறு வீட்டில் இருந்தது. அதை எங்கள் வீட்டுச் சன்னல் கம்பியில் கட்டி, சந்து முனையில் இருந்த மாவு மில் கம்பத்தில் மறுமுனையைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு கிழவர்களையும் பிள்ளைக்காரிகளையும் ஒவ்வொருவராக மில்லின் மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நான், லீவில் வந்திருந்த அண்ணன், பக்கத்து வீட்டுப் பையன்கள். தண்ணீர் வடிந்த பிறகு கயிற்றைக் காயப்போட்டேன், அவ்வளவுதான். அதன் பிறகு அதை நான் நினைத்ததுகூட இல்லை. அண்ணன்தான் கல்யாணமான புதிதில் மைனிக்குப் போனில் சொல்லியிருக்கிறான். ஒரு முறையல்ல, பல முறை சொல்லியிருக்கிறான்.

எனக்கு வெற்று அட்டை வந்தபோது நான் என்ன எழுதினேன் தெரியுமா? ஒரு கிராமத்தில் பாலம் இல்லை, ரோஹித் என்கிற இளைஞன் கலெக்டரைப் பார்த்து மனுக் கொடுத்து, ஊர் மக்களைத் திரட்டிப் பாலம் கட்டினான் என்று எழுதினேன். பயிற்சிப் புத்தகத்தில் இருந்த கதை. அந்தக் கிராமத்தை நான் பார்த்ததில்லை.

"கடைசி நாள் அந்தப் பெரிய ரூம்ல ஒருத்தர் கேட்டாரு" என்றாள் மைனி, சப்பாத்தியைக் கல்லில் போட்டபடி. "அந்த மழைக் கத நெசமாவே நடந்ததான்னு. ஆமா சார், என் வீட்டுக்காரரோட தங்கச்சின்னேன். அவங்கள ஏன் இங்க வரச் சொல்லலன்னு சிரிச்சாரு. வந்தாங்க சார், ரெண்டு தடவ வந்தாங்க, நீங்கதான் எடுக்கலன்னேன்."

"அப்படியேவா சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்ல? எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தர் மட்டும் சிரிக்கல. எதயோ குறிச்சுக்கிட்டாரு."

அவள் எனக்காகப் பேசியிருக்கிறாள். அந்த அறையில், என் பேரைச் சொல்லாமல், எனக்காக நியாயம் கேட்டிருக்கிறாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த அறைக்குள் நான் நின்றபோது, 'எஸ் சார், நோ சார்' தவிர ஒன்றும் வரவில்லை. என் மழை, என் கயிறு, என் அண்ணன் வாயால் கேட்ட கதை, எல்லாம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லுகிற தைரியமும் அவளுக்கே கிடைத்திருந்தது. "சப்பாத்தி கருகுது மைனி" என்றேன்.

பயிற்சி சென்னையில். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. அம்மாவுக்கு ராத்திரி டூட்டி, முழங்கால் வலி. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. பிள்ளை என் கட்டிலுக்கு வந்துவிட்டது. காலையில் அதை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய், பள்ளி முடிந்ததும் வேறெங்கும் நிற்காமல் ஓடி வருவேன். அதற்குக் கடைவாய்ப் பல் முளைத்தது, காய்ச்சல் வந்தது, காது வலி வந்தது, பேச்சு வந்தது. முதலில் 'அத்த' என்றது. அதை நான் போனில் மைனிக்குச் சொன்னபோது, "நல்லா பேசுதா?" என்று மட்டும் கேட்டாள்.

பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடந்த நாளில் அம்மாவும் நானும் பிள்ளையும் சென்னை போனோம். வெயிலில் வரிசை வரிசையாக வந்த அந்தக் கூட்டத்தில் மைனி எது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா கண்டுபிடித்துவிட்டாள். முடிந்ததும் தோளில் நட்சத்திரத்தை மூடியிருந்த துணியை வீட்டார் எடுத்துவிட வேண்டும். ஒரு தோளுக்கு அம்மா. இன்னொரு தோளுக்கு மைனி என்னைக் கூப்பிட்டாள். துணி சீக்கிரம் வரவில்லை. இவ்வளவு கிட்டத்தில் அந்த நட்சத்திரத்தை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அப்போது ஒரு வயதான சுபேதார் அந்த வழியாக வந்து மைனிக்கு நேராக நின்று சல்யூட் அடித்தார். அண்ணனின் வயதைவிட இரண்டு மடங்கு இருக்கும் அவருக்கு. மைனி பதில் சல்யூட் அடித்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது போல் குனிந்துகொண்டேன். பிள்ளை என் துப்பட்டாவுக்குள் ஒளிந்திருந்தது. தொப்பி போட்ட அந்த அம்மாவை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

இப்போது பிள்ளைக்கு ஆறு வயது. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். மைனி கேப்டன் ஆகிவிட்டாள். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடத்தில் போஸ்டிங்; அடுத்தது நல்ல இடமாகக் கிடைக்கும், அப்போது கூட்டிப்போகிறேன் என்கிறாள். போன வருஷமும் அப்படித்தான் சொன்னாள். அம்மா நினைத்தபடி பேத்தி கண் முன்னால் வளர்கிறாள். எனக்கு இரண்டு வரன் வந்தது, பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் நின்றது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மைனியின் படம் எங்கள் சர்ச் ஆண்டு மலரில் வந்தபோது, அந்தப் பக்கத்தில் நிற்காமல் அடுத்ததற்குப் போனேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது போகவில்லை. குறைந்திருக்கிறது என்று சொல்லலாம்.

போன மாதம் அவள் லீவு முடிந்து கிளம்பினாள். தாதரில் வடக்கே போகிற ரயில். நானும் அம்மாவும் பிள்ளையும் ஏற்றிவிடப் போனோம். பிளாட்பாரத்தில் கூட்டம். பிள்ளை இரண்டு தூண்களுக்கு நடுவே ஓடி விளையாடிக்கொண்டிருந்தவள், யாரோ இழுத்துப்போன பெட்டி தடுக்கி முகம் குப்புற விழுந்தாள். முழங்காலில் ரத்தம். மைனி அவளுக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள், சட்டென்று மண்டியிட்டுக் கையை விரித்தாள். பிள்ளை எழுந்து, அழுதுகொண்டே, விரித்த அந்தக் கைகளைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அத்த, அத்த" என்று என் வயிற்றில் முகத்தைத் தேய்த்தாள். நான் தூக்கிக்கொண்டேன்.

"பிள்ளய அவகிட்ட குடுட்டி, வண்டி வரப்போவுது" என்றாள் அம்மா.

கொடுக்கப் போனேன். பிள்ளையின் கை என் கழுத்தை விடவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்து மைனியின் தோளில் போட்டேன். அவள் தோளில் கிடந்தபடியே பிள்ளை என்னை நோக்கிக் கையை நீட்டி அழுதாள். மைனி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, பிள்ளையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். சிரிக்க முயன்றாள், சரியாக வரவில்லை. அந்தப் பார்வை என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை அதுதான். அது என் மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"வழிக்குத் தண்ணி வாங்கிட்டு வாரேன் மைனி" என்று சொல்லிவிட்டு, பிள்ளை என்னைப் பார்க்க முடியாத பக்கமாகக் கடையை நோக்கி நடந்தேன்.